தலவாக்கலைக் கொழுந்தும் நிகழ்தகவின் கதையும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

நிகழ்தகவு என்றால் நம்ம பிள்ளைகளுக்கு உடனே ஞாபகம் வருவது மூன்று சாமான்கள்தான். சுண்டுகிற நாணயம், உருட்டுகிற தாயக்கட்டை, பைக்குள் இருக்கும் சிவப்பு, நீலப் பந்துகள். சாதாரண தரப் பரீட்சைக்கு அந்தக் கணக்கைச் செய்துவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள். "சேர், இது எங்கேயோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது, நமக்கு எதுக்கு?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் நம்ம மலையிலேயே இருக்கிறது. புள்ளிவிபரவியலில் உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட ஒரு புத்தகத்தின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில், இலங்கையின் 16 துண்டுத் தேயிலை நிலத்தில் பறித்த கொழுந்தின் நிறை ஓர் உதாரணக் கணக்காக இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

*சூதும் எண்ணிக்கையும்*

சூதாட்டம் மனிதனுக்குப் புதிதல்ல. தருமன் நாட்டை வைத்து ஆடித் தோற்றது எல்லாருக்கும் தெரியும். அதே மகாபாரதத்தில் நளன் கதையும் வருகிறது. சூதில் எல்லாவற்றையும் இழந்த நளன், இருதுபன்ன ராஜாவுக்குத் தேர் ஓட்டிப் போகிறான். வழியில் ஒரு தான்றி மரம். ராஜா அதன் கிளைகளைப் பார்த்துவிட்டு, இலை எத்தனை, காய் எத்தனை என்று ஒரு கணக்குச் சொல்கிறார். நளன் நம்பாமல் எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அப்போதுதான் ராஜா, தனக்குச் சூதின் இரகசியமும் தெரியும், எண்ணும் வித்தையும் தெரியும் என்கிறார். பழைய காலத்துச் சூதுக்காய் தான்றிக்காய்தான் என்பதையும் சேர்த்து யோசித்தால் கதையின் அழகு இன்னும் புரியும். சிறு பகுதியைப் பார்த்து முழுவதைக் கணிப்பதும், சூதில் விழுவதைக் கணிப்பதும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று அந்தக் கதை சொன்னவருக்கு எப்போதோ தோன்றியிருக்கிறது.

அரபு உலகத்தில் 9ஆம் நூற்றாண்டில் அல் கிந்தி என்ற அறிஞர் இருந்தார். இரகசிய எழுத்தில் எழுதிய கடிதத்தைச் சாவி இல்லாமல் வாசிக்க அவர் ஒரு வழி எழுதிவைத்தார். ஒரு மொழியில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது, எது அபூர்வமாக வருகிறது என்று முதலில் எண்ணு. பிறகு அந்த இரகசியக் கடிதத்தில் அதிகம் வரும் குறி எது என்று பார். இதுவும் நிகழ்தகவின் உறவுக்காரன்தான். நம்ம பாடப்புத்தகத்தில் 'சார் மீடிறன்' என்று படிப்பது இதைத்தான்.

ஆனால் இவை எல்லாம் தனித்தனி மின்னல். இதை ஒரு முழுக் கணக்கு முறையாக ஆக்கிய கேள்வி ஐரோப்பாவில் வந்தது. அந்தக் கேள்வி, "சூதில் எப்படி வெல்வது?" என்பதல்ல. "எப்படி நியாயமாகப் பிரிப்பது?" என்பதுதான்.

*மழை வந்தால் பரிசை யாருக்குக் கொடுப்பது?*

அந்தக் கேள்வியை நம்ம ஊர்க் கதையாகவே சொல்கிறேன்.

இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் தொடர் ஆடுகிறார்கள். யார் முதலில் 3 ஆட்டம் வெல்கிறார்களோ அவர்களுக்கு 64,000 ரூபா பரிசு. மேல் தோட்டம் 2 வென்றுவிட்டது. கீழ் தோட்டம் 1. அந்த நேரம் ஹட்டன் மழை! கிழமைக் கணக்கில் கொட்டுகிறது. தொடர் நின்றுவிட்டது. இரண்டு அணியும் சம பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை எப்படிப் பிரிப்பது?

1494இல் இத்தாலியில் லூக்கா பச்சோலி என்ற கணித அறிஞர் இந்த மாதிரிக் கணக்கைத் தன் புத்தகத்தில் எழுதினார். வென்ற ஆட்டங்களின் விகிதத்தில் பிரி என்றார். அதாவது 2க்கு 1. பார்த்தால் சரி மாதிரித் தெரியும். ஆனால் 100 வெற்றி வரை போகும் ஒரு தொடர், முதல் ஆட்டத்தோடு நின்றுபோனால்? அந்த ஒரு வெற்றிக்காக முழுப் பணத்தையும் ஒருவருக்கே கொடுப்பது நியாயமா?

1654இல் பிரான்சில் பஸ்கால், பேர்மா என்ற இரண்டு கணித மேதைகள் கடிதம் எழுதி இதைத் தீர்த்தார்கள். அவர்களுடைய எண்ணம் இதுதான்: நடந்து முடிந்ததைப் பார்க்காதே, இனி நடக்கக்கூடியதை எல்லாம் எண்ணு. அடுத்த ஆட்டம் நடந்திருந்தால் மேல் தோட்டம் வெல்ல பாதி வாய்ப்பு. வென்றால் முழுப் பரிசும் அவர்களுக்கு. தோற்றால் 2க்கு 2, அப்போது ஆளுக்குப் பாதி. ஆகவே மேல் தோட்டத்துக்கு எப்படியும் 32,000 நிச்சயம். மீதி 32,000த்தில் பாதி வாய்ப்பு, அதாவது 16,000. கூட்டினால் 48,000. கீழ் தோட்டத்துக்கு 16,000. (பஸ்கால் தன் கடிதத்தில் எடுத்துக்கொண்டதும் 64, 48, 16 என்ற எண்கள்தான். காசு மட்டும் வேறு.)

நிகழ்தகவுக் கோட்பாடு பிறந்த வருடம் என்று பொதுவாக 1654ஐச் சொல்வது இதனால்தான். சூதாடிகளின் மேசையில் கிடந்த கேள்வியானாலும், அதன் உள்ளே இருந்தது நீதி பற்றிய கேள்வி.

அதற்குப் பிறகு கதை வேகமாக ஓடியது. 1657இல் ஹைகன்ஸ் இந்தத் துறையின் முதல் அச்சு நூலை வெளியிட்டார். 1713இல் யாக்கோப் பேர்னூலியின் புத்தகம், அவர் இறந்து 8 வருடத்துக்குப் பிறகு வெளிவந்தது. அவதானிப்பு கூடக் கூட, நாம் காணும் விகிதம் உண்மை விகிதத்தை நெருங்கும் என்று அதில் நிறுவியிருந்தார். ஒரு நாள் நிறுவையை வைத்து ஒருவரைத் தீர்மானிக்காதே, பல நாள் பார் என்பதற்குக் கணித ஆதாரம் அது. 1763இல் பேயிஸ், 1812இல் லப்லாஸ் என்று கட்டடம் உயர்ந்தது.

*ஒரு கோப்பை தேத்தண்ணி*

இனித் தேயிலைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் றொதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு பழைய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1919இல் ரொனால்ட் பிஷர் என்ற கணிதக்காரர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் தேநீர் நேரத்தில் அங்கே வேலை செய்த மூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானிக்குப் பிஷர் ஒரு கோப்பை தேநீர் நீட்டினார். "வேண்டாம், எனக்கு முதலில் பாலை ஊற்றிப் பிறகு சாயத்தை ஊற்றினால்தான் பிடிக்கும்" என்றார் அந்த அம்மா. எது முதலில் ஊற்றினால் என்ன, ருசியில் தெரியுமா என்று பேச்சு வளர்ந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று முடிவாகியது.

1935இல் பிஷர் எழுதிய புத்தகத்தில் இந்தச் சோதனை ஓர் அத்தியாயமாகவே இருக்கிறது, அந்த அம்மாவின் பெயர் இல்லாமல். 8 கோப்பை. 4இல் பால் முதலில், 4இல் சாயம் முதலில். வரிசையைக் குலுக்கலில் தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். குடித்துப் பார்த்து, பால் முதலில் ஊற்றிய 4 எவை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றுமே தெரியாதவர் குத்துமதிப்பாகச் சொன்னால்? 8இல் 4ஐத் தெரிவு செய்ய 70 வழி உண்டு. எல்லாமே சரியாக அமைவது அதில் ஒரே ஒரு வழி. ஆகவே குருட்டு அதிர்ஷ்டத்தில் 4ஐயும் சரியாகச் சொல்ல நிகழ்தகவு 1/70. நூற்றுக்கு ஒன்றரையை விடவும் குறைவு. அப்படிச் சொல்லிவிட்டால் "தெரிந்துதான் சொல்கிறார்" என்று நம்பலாம். ஆனால் 3ஐச் சரியாகச் சொல்லி ஒன்றில் பிழைத்தால்? அப்படி அமைய 16 வழி. எல்லாம் சரியான அந்த ஒரு வழியையும் சேர்த்தால் 17/70. கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. அதை அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். ஆகவே 3 சரியாகச் சொன்னதை வைத்து ஒரு முடிவுக்கு வர ஏலாது.

வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். பால், தேயிலை, 8 கோப்பை போதும்.

*சீட்டுக் குலுக்கலும் உரச் சோதனையும்*

இதில் முக்கியமான சொல் 'குலுக்கல்'. பிஷர் உலகத்துக்குக் கொடுத்த பெரிய விடயம் அதுதான்.

நம்ம லயங்களில் சீட்டுப் பிடிக்கிறோம் அல்லவா? 12 பேர் மாதாமாதம் ஒரே தொகை போடுகிறார்கள். யாருக்கு எந்த மாதம் என்று பெயரெழுதிக் குலுக்கி, எல்லாரும் பார்க்க ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்கிறோம். ஏன்? சீட்டுப் பிடிக்கும் அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரே வரிசையைத் தீர்மானித்தால் தனக்கு வேண்டியவர் முன்னுக்கு வந்துவிடலாம் என்ற சந்தேகம் வரும். குலுக்கலுக்கு அக்கா தங்கை கிடையாது. இது சூது இல்லை. யாரும் யாருடைய பணத்தையும் வெல்வதில்லை. எல்லாருக்கும் ஒரே தொகைதான் கிடைக்கிறது, முறைதான் வேறு. இஸ்லாத்தில் சூது ஹராம். ஆனால் மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்பது யார் என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்த செய்தி குர்ஆனிலேயே இருக்கிறது. சூதும் குலுக்கலும் ஒன்றல்ல என்பதை நம்ம ஆட்கள் எப்போதும் அறிந்தே இருந்திருக்கிறார்கள்.

உரச் சோதனையிலும் இதே சிக்கல்தான். புது உரம் ஒன்று வருகிறது. ஒரு மலையில் பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாமல் விட்டு, எங்கே கொழுந்து கூட என்று பார்க்கிறார்கள். எந்தப் பாதிக்குப் போடுவது? துரையோ கண்டக்டரோ தெரிவு செய்தால், ஆற்றோரம், மண் ஆழமான பக்கம், காற்று அடிக்காத பக்கம் என்று தெரியாமலேயே நல்ல இடத்தைத் தெரிவு செய்துவிடலாம். பிறகு கொழுந்து கூடினால் அது உரத்தாலா, மண்ணாலா?

பிஷர் சொன்னார்: நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரி. அருகருகே உள்ள துண்டுகளை ஒரு தொகுதியாக்கு. தொகுதிக்குள் எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலில் விடு. 1926இல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். குலுக்கினால் இரண்டு நன்மை. ஒன்று, பாரபட்சம் போய்விடும். இரண்டு, தேநீர்ச் சோதனையில் 1/70 என்று சொன்ன மாதிரி, "இந்த வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு நிகழ்தகவு?" என்று கணக்கிட ஏலும். எழுமாற்றுத் தெரிவு என்று நாம் பாடத்தில் சொல்வது வெறும் சொல் அல்ல. அது இல்லாவிட்டால் அந்தக் கணக்கும் நிற்காது.

*டி.ஆர்.ஐ.க்கு வந்தவர்*

1925இல் இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டப்படி ஆரம்பமானது. ஏற்றுமதியாகும் தேயிலையில் அறவிட்ட செஸ் வரிதான் அதற்குப் பணம். நம்ம எல்லாருக்கும் தெரிந்த தலவாக்கலை சென் கூம்ஸ் டி.ஆர்.ஐ. அதுதான்.

றொதம்ஸ்டெட்டில் பிஷரோடு சேர்ந்து வேலை செய்து, 1927இலும் 1929இலும் அவரோடு கூட்டாகக் கட்டுரை வெளியிட்டவர் டி. ஈடன். அந்த ஈடன் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். புது முறை, அது பிறந்த சில வருடங்களுக்குள்ளேயே, நம்ம மலைக்கு வந்துவிட்டது.

ஆனால் தேயிலை கோதுமை மாதிரி இல்லை. கோதுமையை ஒரு தடவை அறுத்தால் முடிந்தது. தேயிலையைக் கிழமைக்குக் கிழமை பறிக்க வேண்டும். கவ்வாத்து வெட்டி எத்தனை வருடம் என்பதைப் பொறுத்து விளைச்சல் மாறும். அந்தக் காலத்துச் செடிகள் விதையிலிருந்து வந்தவை, ஒன்று போல ஒன்று இருக்காது. மேடும் பள்ளமும் வேறு. பறிக்கும் கை மாறினாலும் நிறை மாறும். 1931இல் ஈடன் எழுதிய கட்டுரையின் விடயமே இதுதான்: தேயிலை வயல் சோதனைகளில் தற்செயலாக வரும் ஏற்றத்தாழ்வு எவ்வளவு, அதை எப்படிக் குறைப்பது.

அந்த வேலையிலிருந்து வந்த எண்களைத்தான் பிஷர் தன் புகழ்பெற்ற புத்தகத்தின் 4ஆம் பதிப்பில், 1932இல் எடுத்துக்கொண்டார். 16 துண்டு. எதற்கும் விசேட உரம் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே கவனிப்பு. ஆனாலும் நிறை ஒன்றல்ல. ஒரு துண்டு கூட, ஒரு துண்டு குறைவு. அடுத்த காலப்பகுதியிலும் அளந்தால், முதலில் கூடக் கொடுத்த துண்டுதான் பெரும்பாலும் பிறகும் கூடக் கொடுக்கிறது. ஆகவே ஓர் உரத்தைச் சோதிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் நின்றது என்று அளந்துகொண்டால், அந்தப் பழைய வித்தியாசத்தைக் கழித்துவிட்டு நியாயமாக ஒப்பிடலாம். இன்று பல்கலைக்கழகங்களில் 'அன்கோவா' என்று படிக்கும் முறை இது. புது மருந்து சோதிக்கும்போது நோயாளியின் ஆரம்ப நிலையைக் கணக்கில் எடுப்பதும் இதே முறையில்தான். அதன் முதல் உதாரணங்களில் ஒன்று நம்ம நாட்டுக் கொழுந்து.

அடுத்த வருடம், 1933இல், ஈடனும் றொதம்ஸ்டெட்டில் இருந்த யேட்ஸும் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். பிஷரின் சூத்திரம், அளவீடுகள் மணி வடிவத்தில் பரவியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மை வயலில் அப்படி இல்லாவிட்டால் சூத்திரம் பிழைக்குமா? கோதுமைப் பயிரின் உயர அளவீடுகளை எடுத்து, குலுக்கிக் குலுக்கி 1000 தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம் என்பதை மறக்க வேண்டாம். சூத்திரம் தாக்குப் பிடித்தது. இன்று கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்யும் 'குலுக்கல் சோதனை'யின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

அதே 1933இல்தான் ரஷ்யரான கொல்மகொரொவ் நிகழ்தகவுக்குச் சில எளிய விதிகளில் அத்திவாரம் போட்டார். எந்த நிகழ்தகவும் 0க்குக் குறையாது. எல்லாம் சேர்ந்தால் 1. ஒன்றாக நிகழ ஏலாதவற்றைக் கூட்டலாம். நம்ம பிள்ளைகள் பயிற்சிக் கொப்பியில் எழுதும் அதே விதிகள். அதே வருடம் கல்கத்தாவில் மஹலனோபிஸ் 'சங்க்யா' என்ற புள்ளிவிபர ஆய்விதழை ஆரம்பித்தார்.

*இது நமக்குச் சொல்வது என்ன?*

அந்த ஆராய்ச்சி தோட்டக் கம்பெனிகளின் லாபத்துக்காக நடந்தது. அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அதில் வெளிப்பட்ட உண்மை எல்லாருக்கும் சொந்தம்.

ஒரே கவனிப்புக் கொடுத்த 16 துண்டுகளே ஒரே நிறை கொடுக்கவில்லை என்று 1932இலேயே புத்தகத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு நாள் நிறுவையில் இரண்டு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் போடும்போது, அந்தக் குறைவு அந்த அம்மாவின் கையாலா, அவருக்குக் கிடைத்த நிரையாலா, காலையில் பெய்த மழையாலா என்று யார் கேட்கிறார்கள்? இது உணர்ச்சிப் பேச்சு அல்ல. ஈடனும் பிஷரும் கேட்ட அதே கேள்விதான். துண்டு நிலத்துக்குக் கொடுத்த நியாயத்தைப் பறிப்பவருக்கும் கொடுங்கள் என்று கணக்கோடு பேச நம்ம பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பள்ளிக்கூடங்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பரீட்சை முடிவு வந்ததும் டவுன் பாடசாலையையும் தோட்டப் பாடசாலையையும் பக்கத்தில் வைத்து சதவீதம் பார்க்கிறோம். பிள்ளை ஆறாம் ஆண்டுக்கு வரும்போது எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பதில்லை. ஆரம்பத்தை அளக்காமல் முடிவை மட்டும் அளந்தால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. தேயிலைச் செடிக்கே அது பொருந்தும் என்றால் பிள்ளைக்குப் பொருந்தாதா?

கடைசியாக, சம்பள நாளில் லொத்தர் சீட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் ஆங்கில எழுத்தும் 4 இலக்கமும் பொருந்த வேண்டும் என்றால் 26ஐ நான்கு தடவை 10ஆல் பெருக்குங்கள். 2,60,000 சீட்டில் ஒன்று. "போன கிழமை கிட்ட வந்திச்சு, இந்தக் கிழமை அடிக்கும்" என்று குலுக்கலுக்குத் தெரியாது. அதற்கு ஞாபகசக்தி இல்லை. லயத்துச் சீட்டில் போட்ட பணம் ஏதாவது ஒரு மாதம் கைக்கு வரும். லொத்தரில் போட்டது பெரும்பாலும் வராது. நிகழ்தகவு படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், இதை அப்பாவுக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லட்டும்.

ஈடனின் பெயர் இருக்கிறது, பிஷரின் பெயர் இருக்கிறது. அந்த 16 துண்டில் குளிரில் நின்று கொழுந்து பறித்துக் கூடையில் போட்டவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்கள் சரியாகப் பறித்து, சரியாக நிறுத்துக் கொடுத்திருக்காவிட்டால் அந்த எண்களும் இல்லை.

தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்து உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ பூட்டியோ டி.ஆர்.ஐ. மலையில் வேலை செய்ததாக வீட்டில் கதை உண்டா? துண்டு துண்டாக அடையாளம் போட்டு, தனித்தனியாக நிறுத்த கதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இங்கேயும் எழுதுங்கள். நிகழ்தகவுப் பாடம் தொடங்கும் அன்று, நாணயத்தைச் சுண்டும் முன்பு, பிள்ளைகளுக்கு முதலில் அதை வாசித்துக் காட்ட வேண்டும்.